ஒலிம்பியாவின் பின் இருக்கை

ஒலிம்பியாவைப் பெரிய தைரியசாலி என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். அவளைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவளுக்கும் தைரியத்துக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதில் ஒரு புயல் அவர்கள் வீட்டுத் தகரக் கூரையைச் சட்டி மூடி போலத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே அவள் முகம் செத்துப்போகும். நாய் என்றால் பயம், பாம்பு என்றால் பயம், கடல் என்றால் பயம். கடலை ஒட்டிய ஊரில் பிறந்து, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத பெண் அவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவள்தான் எங்கள் உவேரோ ஊரின் சுகாதார நிலையத்தில் உதவியாளராக இருந்தாள். பராஓனா நகரத்திலிருந்து டாக்டரம்மா வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் ஒலிம்பியாதான். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது, மலைமேல் காப்பித் தோட்டத்துக்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைநகரில் இருந்த அண்ணன் கார் வாங்கியதும், தான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய பசோலாவை அவளுக்குக் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் ஸ்கூட்டரைப் பசோலா என்றுதான் சொல்வோம். சாயம் போன சிவப்பு வண்டி.

நாற்பது வயதுக்குமேல் அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். என் கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

“ஒலிம்பியா, கொஞ்சம் ஓரமா ஒதுங்கு. பின்னால கழுதை வருது, அதுக்கு அவசரமாம்!”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கைப்பிடியை அவள் பிடித்திருக்கும் பிடியைப் பார்த்தால் வண்டி அவளை விட்டு ஓடிவிடும் என்று நினைத்தாளோ என்று தோன்றும். ஆனால் ஓட்டினாள். நடக்க முடியாத நோயாளிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பராஓனா ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தாள். மலையைக் குடைந்து போட்ட சாலை அது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேர் கீழே கடல்.

முதலில் வண்டி நின்றது கிழவர் தோன் எலிஹியோ பின்னால் உட்கார்ந்திருந்தபோது. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இரண்டு தரம் இருமியது, பிறகு மூச்சை விட்டுவிட்டது. கிழவர் இறங்கிப் பாறை நிழலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து உதைத்ததும் எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்தது. மறுபடி ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. அப்படியே நின்று நின்று போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாரமே தோன் எலிஹியோ தூக்கத்தில் போய்விட்டார். நெஞ்சு நோவுக்காரர், வயதானவர். யாரும் எதையும் நினைக்கவில்லை.

வண்டியை என் கடைக்கு எதிரே பட்டறை வைத்திருந்த சிப்ரியானிடம் கொண்டுபோனாள். அவன் பிளக்கைக் கழற்றித் தேய்த்தான். கார்புரேட்டரைக் கழுவினான். ஏறி உட்கார்ந்து மேட்டு உச்சி வரை போய்த் திரும்பி வந்தான்.

“கழுவுன குழந்தை மாதிரி போகுது அக்கா. பயப்படாம ஓட்டு.”

இரண்டாவது தடவை பின்னால் உட்கார்ந்திருந்தவள் பிதெலினா. நன்றாகச் சிரித்துப் பேசுகிற பெண், இன்னும் தலை நரைக்காதவள். காலில் ஆணி குத்திய புண் ஆறாமல் இருந்தது, சர்க்கரை நோய் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டி அதேபோல இருமி நின்றது. பிதெலினா அதற்கும் சிரித்தாள். மாதம் முடிவதற்குள் அந்தப் புண்ணிலிருந்து விஷம் ஏறி இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போதுதான் யாரோ முதலில் சொன்னார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை ரொட்டி வாங்க வந்த எல்லோர் வாயிலும் அதுவே இருந்தது. ஒலிம்பியா வண்டியின் பின்னால் யார் இருக்கும்போது எஞ்சின் சாகிறதோ, அவர்களும் சாவார்கள்.

“போன வாரம் பாதிரியாரும்தான் ஏறினாரு. அவரோட போறப்பவும் நின்னுச்சே? அவரு கல்லு மாதிரி இருக்காரு” என்றேன் நான்.

“அவரு கடவுளோட ஆளு. அவரக் கணக்குல சேக்கக்கூடாது” என்றார்கள்.

பிதெலினாவின் கணவன் அரிஸ்தீதெஸ் ஒரு நாள் சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து நின்றுகொண்டு, ஊரே கேட்கும்படி கத்தினான்.

“நல்லாத்தான இருந்தா! உன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனியே, திரும்பி வந்து படுத்தவதான். நீ என்னத்தை வச்சிருக்க அந்த வண்டியில?”

ஒலிம்பியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. வந்து என்ன சொல்வாள்? அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள். இரவில் பாதிரியார் கொடுத்த தீர்த்தத்தை வண்டியின் சீட்டில் தெளித்துவிட்டுப் படுப்பதாக என் மனைவியிடம் சொல்லி அழுதாளாம்.

அதன் பிறகு அவள் பின்னால் யாரும் ஏறவில்லை. அவளும் யாரையும் கூப்பிடவில்லை. தனியாக மலைக்குப் போனாள், வந்தாள். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கெட்டுப்போன வண்டி என்றால் எல்லோருக்கும்தானே நிற்க வேண்டும்? ஆளைப் பார்த்தா நிற்கும்?

சிப்ரியானுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். தொழிலில் அவனுக்கு ரோஷம். காயிலை மாற்றினான். டேங்க்கை இறக்கித் துருவை அலசினான். பெட்ரோல் டியூபைப் புதிதாக மாட்டினான். வேறொரு வண்டியின் கார்புரேட்டரைக்கூட எடுத்துப் பொருத்திப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தானே ஓட்டிப் போய்த் திரும்பி வந்து கையை விரிப்பான்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஊருக்குத்தான் பிளக் போயிருச்சு” என்பான். டோமினோ ஆடுகிறவர்கள், “அப்ப நீ பின்னால ஏறி ஒரு சுத்து போயிட்டு வாயேன்” என்பார்கள். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “எனக்கு வேலை கெடக்கு” என்று உள்ளே போய்விடுவான்.

சாலைமறியல் நடந்த அன்று அது நேர்ந்தது. தண்ணீரும் கரண்டும் கேட்டு, பராஓனா போகும் சாலையை இளைஞர்கள் மரத்தை வெட்டிப் போட்டும் டயரைக் கொளுத்தியும் அடைத்திருந்தார்கள். வேன் கிடையாது, கார் கிடையாது. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் தங்கள் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கேதான் போயிருந்தார்கள். சிப்ரியான் உதிரிபாகம் வாங்க விடியற்காலையிலேயே முதல் வேனில் நகரத்துக்குப் போய் அங்கே மாட்டிக்கொண்டான். பட்டறையில் பிரித்துப்போட்ட எஞ்சின்கள்தான் கிடந்தன.

மதியம், சிப்ரியானின் மனைவி யுதெல்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. முகமும் பாதமும் ஊதிப்போயிருந்தன.

“அக்கா, தலை வெடிக்குது. கண்ணு முன்னால மின்மினி பறக்குற மாதிரி இருக்கு.”

ஒலிம்பியா அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு கையிலும் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். இந்த அழுத்தம் எப்போது வேண்டுமானாலும் வலிப்பில் போய் நிற்கும், தாயும் போவாள் பிள்ளையும் போகும், எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்றார் டாக்டரம்மா. ஆம்புலன்ஸால் மறியலைத் தாண்ட முடியாது.

எப்படியாவது என்றால் பசோலாதான்.

சிப்ரியானைப் போனில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“சிப்ரியான்? கேக்குதா?”

“அக்கா... வேற வண்டி ஏதாவது பாரு.”

“இல்லப்பா. எல்லாம் மறியலுக்குப் போயிருச்சு.”

“கழுதைமேல கூட்டிட்டு வா. கட்டில்ல தூக்கிட்டு வரச் சொல்லு. அதுல மட்டும் வேண்டாம். உன் கால்ல விழுறேன் அக்கா, அதுல ஏத்தாத.”

வண்டிக்கு ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன். யுதெல்கா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“நான் ஏறுறேன்” என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு அணைத்தாள். பிறகு ஒலிம்பியாவைப் பார்த்து, “நின்னுராதுல்ல அக்கா?” என்று கேட்டாள்.

ஒலிம்பியா சாவியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனாள்.

நானும் என் மனைவியும்தான் யுதெல்காவைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டோம். தெருவில் நின்றிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் வேண்டிக்கொண்டார்களா, விடைகொடுத்தார்களா, தெரியாது. அதற்குமேல் நடந்ததை ஒலிம்பியாவும் யுதெல்காவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சமதளத்தில் வண்டி ஓடியது. ஒலிம்பியாவுக்குச் சாலை தெரியவில்லை, எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு மூச்சையும் எண்ணுகிற தாயைப்போலக் கேட்டுக்கொண்டே போனாள். மேடு தொடங்கியது. கடலிலிருந்து காற்று தூக்கி அடித்தது. அப்போது எஞ்சின் இருமியது.

“அக்கா...”

“பேசாத. ஒண்ணுமில்ல.”

மறுபடி இருமியது. நின்றது.

சாலையில் ஒரு குருவி இல்லை. கீழே கடல் பாறையில் மோதும் சத்தம். யுதெல்கா இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. “எம் பேரு எழுதியாச்சா அக்கா?” என்று கேட்டாள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடிவிடலாமா என்று ஒலிம்பியாவுக்குத் தோன்றியதாம். அவளே சொன்னாள்.

உதைத்தாள். எஞ்சின் உடனே எழுந்தது, நின்ற இடத்திலேயே சீராக ஓடியது. யுதெல்காவை ஏற்றினாள். கொஞ்ச தூரம். மறுபடி இருமல், மறுபடி சாவு. மூன்றாவது தடவையும் அப்படியே. யுதெல்கா இப்போது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு முனகினாள்.

ஒலிம்பியா வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி மறுபடி உதைத்தாள். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கியது. சீட்டின் பின்பகுதியில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் கவிழ்த்து, முழு உடம்பையும் அதில் சாய்த்து அழுதாள். ஆண்டவனே, இந்தப் பெண்ணை விட்டுவிடு, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று வேண்டினாள்.

எஞ்சின் இருமியது.

திடுக்கிட்டுக் கையை எடுத்து நிமிர்ந்தாள். எஞ்சின் தடுமாறி, தேறி, பழையபடி ஓடியது.

அவள் வண்டியையே பார்த்தாள். மெதுவாக மறுபடி கையை ஊன்றினாள். உடம்பின் பாரம் முழுவதையும் சீட்டின் பின்பகுதியில் அழுத்தினாள். சிறிது நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இருமல். கையை எடுத்தாள். மூச்சு வந்தது. அழுத்தினால் மூச்சுத் திணறியது, விட்டால் மூச்சு வந்தது.

“யுதெல்கா! பாரம்டி! பாரம்தான்! பின்னால பாரம் ஏறினா எதையோ அமுக்குது!”

யுதெல்காவுக்கு அது புரிகிற நிலை இல்லை. “என்ன?” என்றாள்.

“பின்னால யாரும் உக்காரக்கூடாது. நீ முன்னால வா.”

“அப்ப நீ?”

“நான் நின்னுக்கிறேன்.”

அப்படித்தான் போனார்கள். யுதெல்கா சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்தாள். ஒலிம்பியா அவளுக்கு முன்னால், கால் வைக்கும் பலகையில் நின்றுகொண்டாள். யுதெல்காவின் ஊதிய கைகள் அவள் இடுப்பைச் சுற்றியிருந்தன, தலை அவள் முதுகில் சாய்ந்திருந்தது. கழுதைக்கு வழிவிட்டவள், கடலைப் பார்க்கவே பயந்தவள், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நின்றபடி ஓட்டினாள். பயம் போய்விட்டதா என்று பிற்பாடு கேட்டேன். “போகல அண்ணே. ஒவ்வொரு வளைவுலயும் செத்துச் செத்துப் பொழச்சேன். ஆனா கையி ஆக்சிலேட்டரை விடல” என்றாள்.

எஞ்சின் இருமவில்லை.

நகரத்துக்குச் சற்று முன்னால் மறியல். டயர் புகை சாலையை மறைத்தது. புகைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

“டேய், யாரோ பொம்பள நின்னுக்கிட்டே வர்றா!”

“நம்ம ஒலிம்பியாடா!”

கல்லும் தடியுமாக நின்ற கூட்டம் கையில் இருந்ததைக் கீழே போட்டது. பிறகு ஆளுக்கொரு பக்கமாக மரக்கிளையை இழுத்தார்கள். எரிகிற டயரைக் கம்பியால் கொக்கி போட்டு நகர்த்தினார்கள். மறுபக்கத்திலிருந்து ஒரு ஆள் தலைதெறிக்க ஓடிவந்தான். சிப்ரியான். நகரத்திலிருந்து நடந்தே வந்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் வண்டிக்குக் குறுக்கே விழாத குறையாக நின்றான்.

“எறக்கு! அவள எறக்கு அக்கா! இங்கேருந்து நான் தூக்கிட்டுப் போறேன்!”

“வழிய விடு சிப்ரியான். பின்னால உக்காந்தாத்தான் செத்துப்போகுது. அவ முன்னாலதான் இருக்கா!”

எஞ்சினைத்தான் சொன்னாள். அவன் காதில் அது வேறு விதமாக விழுந்தது. அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். கையெடுத்துச் சிலுவை போட்டபடி அப்படியே ஒதுங்கி நின்றான். அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல யாருக்கு நேரம்? ஒலிம்பியா போய்விட்டாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த உடனே யுதெல்காவுக்கு வலிப்பு வந்தது. உள்ளே கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. தாய் பல நாள் நினைவில்லாமல் கிடந்தாள். சிப்ரியான் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒலிம்பியா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதுதான் உடம்பு உதறத் தொடங்கியது. பல் கிட்டிக்கொண்டது. ஒரு நர்ஸ் வந்து போர்வை போர்த்திவிட்டுப் போனாள். அவனிடம் பாரத்தைப் பற்றி அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையாட்டினான், கேட்டதாகத் தெரியவில்லை. யுதெல்கா கண்ணைத் திறக்கும்வரை அவன் வண்டி இருந்த பக்கமே போகவில்லை.

பிறகுதான் சீட்டைக் கழற்றினான். நானும் பக்கத்தில் இருந்தேன். சீட்டுக்கு அடியில் சாமான் வைக்கிற பெட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டை பின்பக்கம் ஒடிந்திருந்தது. பார்த்தால் தெரியாது, ஒடிந்த துண்டு அதன் இடத்திலேயே பொருந்தி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்ததும் பெட்டி கீழே இறங்கிப் பெட்ரோல் டியூபை நசுக்கும். ஆள் இறங்கியதும் டியூப் விரிந்துகொள்ளும். புதிதாக மாட்டிய டியூபிலும் ஓரிடத்தில் மட்டும் நசுங்கிய தடம் இருந்தது.

சிப்ரியான் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

“இத்தன தடவ தொறந்தேன். இத்தன தடவ ஓட்டிப் பாத்தேன். தனியாவே ஓட்டிப் பாத்தேன்” என்றான். “ஒரு தடவ யாரையாவது பின்னால ஏத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்கும் பயம் அண்ணே.”

ஒடிந்ததைக் கழற்றிவிட்டுப் புதுப் பட்டையைப் பற்றவைத்தான். அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. யுதெல்காவுக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாகவே தங்கிவிட்டது. குழந்தை மெள்ள மெள்ளத் தேறிப் பால் குடித்தது.

ஊர் இதையெல்லாம் சுலபமாக ஏற்றுக்கொண்டது. ஒடிந்த பட்டையை ஆளாளுக்கு வந்து கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “நான் அப்பவே சொன்னேனே” என்றார்கள், சொல்லாதவர்களும். அரிஸ்தீதெஸ் மட்டும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், சுகாதார நிலையத்துக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நான் என் மனைவிக்கு மருந்து வாங்க அங்கே போயிருந்தேன்.

“அப்ப பிதெலினா அந்த வண்டியால சாகல” என்றான்.

“இல்ல” என்றாள் ஒலிம்பியா.

“நான்தான் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கால் கறுக்குற வரைக்கும் சொன்னேன்.” அவன் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கினான். “வண்டிதான் காரணம்னே இருந்திருக்கலாம்.”

ஒலிம்பியா ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை எடுத்து அவன் கையில் சுற்றினாள். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. மாத்திரையைக் கொடுத்து, நாளையே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

“நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவன் சன்னல் வழியாக வெளியே நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தான். தலையை அசைத்தான்.

“வேண்டாம்மா. எனக்கு எல்லாம் தெரியும். ஆனா அதுல என்னால உக்கார முடியாது.”

“சரி” என்றாள் ஒலிம்பியா. “காலைல வேன்ல போவோம். நானும் வர்றேன்.”

மறுநாள் காலை இரண்டு பேரும் என் கடை வாசலில் வேனுக்குக் காத்திருந்தார்கள். நான் ஆளுக்கொரு காப்பி கொடுத்தேன்.